வேலை செய்யாத கை

ஆப்பியா நகரத்து மருந்துக் கடையின் கண்ணாடிப் பேழைமீது மூன்று கருவிகளை எடுத்து வைத்தாள் கடைக்காரி லெபேகா. மூன்றும் ஒரே வேலையைச் செய்பவைதாம். ஒருவர் ஒரு நாளில் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணிச் சொல்பவை. முதலாவது, கரிய முகமுடைய பெரிய கைக்கடிகாரம். இரண்டாவது, செம்பருத்தி நிறத்தில் ஒரு கைப்பட்டை. மூன்றாவதைப் பெனினா முதலில் கவனிக்கவே இல்லை. யாருடைய சட்டையிலிருந்தோ கழன்று விழுந்த பொத்தானைப்போல அது சாம்பல் நிறத்தில் ஓரமாகக் கிடந்தது.

பெனினா தனக்காக மட்டும் வாங்க வந்தவள் அல்லள். வைலேமூ கிராமத்து மாதர் சங்கத்தில் நாற்பது பெண்கள் இருந்தனர். தீவைவிட்டு ஆக்லாந்தில் குடியேறிவிட்ட ஊரார், நாற்பது பேருக்கும் இத்தகைய கருவி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தனர். ஒருத்தி மட்டும் மூன்று மாதம் அணிந்து பார்த்துச் சொல்லட்டும், பிறகு அனைவர்க்கும் அதையே வாங்கலாம் என்று சங்கம் முடிவு செய்தது. அந்த ஒருத்தியாகப் பெனினாவைச் சுட்டிக் காட்டியவர் செவிலி சலோமே. சங்கத்திலேயே சர்க்கரை மிகுந்தவள் அவள்தான் என்பது காரணம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், அவ்வூர் அளவையில், பதினொன்று காட்டியது. ஏழைத் தாண்டலாகாது என்பர்.

"குழந்தைகள் ஞாயிறு வரைக்கும் டைம் தரேன் பெனினா," என்று, தேவாலயத்தில் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் அந்நாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, சலோமே சொல்லியிருந்தார். "அதுக்குள்ள நடந்து, தின்கறதக் கொறச்சு, இத எறக்கிக் காட்டு. எறங்கிச்சுன்னா மாத்திரையோட விட்டுடறேன். எறங்கலன்னா ஊசிதான்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பெனினாவுக்குத் தன் தமக்கை தலிதாவின் நினைவு வந்தது. தலிதா ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் அவளுடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டனர். முதலில் ஊசி, அடுத்துக் கால் என்று பெனினாவின் மனத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நடக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கடைக்கு அவளோடு வந்திருந்தவள் கணவனின் தங்கை ருதா. எந்தப் பொருளையும் வாங்காமல் எல்லாப் பொருளுக்கும் கருத்துச் சொல்வது அவள் வழக்கம்.

"அண்ணி, அந்தக் கறுப்ப எடுங்க. கட்டிக்கிட்டு நின்னா மந்திரி சம்சாரம் மாதிரி இருப்பீங்க."

"அதுக்கு தெனமும் சார்ஜ் போடணும். கூடவே நல்ல போனும் வேணும்," என்றாள் லெபேகா.

"எங்க ஊர்ல மேகம் கறுத்தாலே கரண்டு போயிடும். அப்ப அது வேண்டாம்," என்றாள் பெனினா.

லெபேகா பொத்தானை விரலால் முன்னே தள்ளினாள். "இதப் பாருங்க. இடுப்புல சுத்திக் கட்டற லாவலாவா முடிச்சுல செருகிக்கலாம். நம்பரும் இதுலயே தெரியும். பேட்டரி ஒரு வருஷம் வரும். என்னக் கேட்டா இதத்தான் சொல்லுவேன். நடக்கறது இடுப்புதானே, கையா நடக்குது?"

ருதா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடுப்புக்குள்ள செருகிட்டா யார் பாக்கறது? ஊர் கண்ணுல படாம நடந்தா அது நடையே இல்லியே."

பெனினாவுக்கும் அதே எண்ணந்தான். எனினும் அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு நாத்தனார் தேவைப்பட்டாள். சிவப்புப் பட்டையைக் கையில் எடுத்தாள். எண்கள் பெரியனவாக இருந்தன. கடலில் குளித்தாலும் கெடாது என்றாள் லெபேகா. ஒருமுறை மின்சாரம் ஏற்றினால் ஐந்து நாள் தாங்குமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சிவப்பாக இருந்தது. பெனினா அதையே வாங்கினாள்.

திரும்பும் வழியில் பேருந்தில் வழக்கம்போல் இடமில்லை. ருதா பலகையில் அமர, அவ்வூர்ப் பேருந்து வழக்கப்படி அவள் மடியில் பெனினா அமர்ந்தாள். பெட்டியிலிருந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அஞ்சலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் பெனினாவுக்கு ஆங்கிலம் வரும். ஆதலின் அவள் ஒவ்வொரு வரியாகத் தன் மொழியிற் பெயர்த்துப் படித்தாள். மூன்றாம் வரியில் சற்றுத் தயங்கினாள்.

"வேலை செய்யாத கையில கட்டணுமாம்."

"அப்படின்னா எங்க அண்ணன் கையிலதான் கட்டணும்," என்றாள் ருதா.

பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தனர். பெனினாவும் சிரித்தாள். பிறகு கணக்குப் பார்த்தாள். அவள் எழுதுவது வலக்கை. அஞ்சல் முத்திரை குத்துவதும் வலக்கை. ஆக, வேலை செய்யாத கை இடக்கைதான் என்று தெளிந்து பட்டையை இடமணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் மாலையில் அது எண்ணாயிரத்து இருநூறு என்று காட்டியது. பெனினா வியந்துபோனாள். பேருந்து நிற்குமிடம் வரை நடந்தாள். அஞ்சலகத்தில் பணமேடைக்கும் மூட்டை அறைக்கும் போய்வந்தாள். மாலையில் ருதாவோடு தேவாலயத்து வேலி வரை உலாவினாள். வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை. இருபது ஆண்டுகளாகத் தன்னை அறியாமலே இவ்வளவு நடந்து வந்திருக்கிறோமே என்று மகிழ்ந்தாள்.

இரண்டாம் நாள் எண்ணாயிரத்து அறுநூறு. அவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமை பதினோராயிரம்.

சங்கக் கட்டடத்துச் சுவரில் சலோமே ஒரு தாளை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் பெனினா தன் எண்களை அதில் எழுதினாள். சங்கத்துப் பெண்கள் வந்து நின்று பார்த்தனர். போதகரின் மனைவி, ஊரார் அனைவரும் போதகரம்மா என்று அழைக்கும் அம்மையார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தத் தாளை உரக்கப் படித்தார்.

"பாருங்க, தபாலாபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு ஒம்பதாயிரம் அடி நடக்கறா. நீங்கள்லாம் பாயில உக்காந்து பாய் முடையற கூட்டம். வெக்கமா இல்ல?"

"பாய் முடையாட்டி நீங்க எதுல உக்காந்து எங்களத் திட்டுவீங்க அம்மா?" என்றாள் பின்வரிசையிலிருந்த ஒருத்தி.

இந்தப் பாராட்டு பெனினாவின் நெஞ்சில் இனித்தது. நெஞ்சோடு நில்லாமல் வயிற்றுக்கும் இறங்கியது. ஒன்பதாயிரம் அடி நடந்தவள் ஒரு சேப்பங்கிழங்குத் துண்டோடு எழுவது முறையா? தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரைப் பொதி இன்னொன்று எடுத்துக்கொண்டாள். காலையில் எண்ணெயிற் பொரித்த உருண்டை அப்பங்கள் இரண்டுக்கு மூன்றாயின. கணவன் தவிதா கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவாள். அவன் எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தானே அவள் பக்கம் நகர்த்துவான்.

கருவிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒருவர் சிறிது நேரம் அசையாதிருந்தால் அது மணிக்கட்டில் முரலும். 'எழுந்து நட' என்று எழுத்துக் காட்டும். அந்தியில் சங்கு ஊதி ஊர் அடங்கியபின், வழிபாடு முடியும்வரை ஒருவரும் தெருவில் கால் வைக்கலாகாது. வைத்தால் ஊர்ச் சபைக்குத் தண்டம் கட்டவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அது முரலத் தொடங்கும். ஒரு நாள் மாமனார் வேதத்தை விரித்து வாசித்துக்கொண்டிருந்தபோது அது இருமுறை முரன்றது. கிழவர் வாசிப்பை நிறுத்தினார்.

"என்னம்மா அது, வண்டா?"

"இல்ல மாமா. எந்திரிச்சு நடக்கச் சொல்லுது."

"இந்த நேரத்துலயா? எந்த மதத்துக்காரன் செஞ்சது?"

ருதா முகத்தைப் பாய்க்குள் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

ஆறு வாரம் கழிந்தது. வெறும் வயிற்றோடு பெனினா சங்கக் கட்டடத்துக்குப் போய் விரலை நீட்டினாள். அவள் அஞ்சவில்லை, பட்டை பக்கபலமாக இருந்தது. சலோமே கருவியில் எண்ணைப் பார்த்தார். பிறகு விரலைத் துடைத்து மறுபடியும் ஒருமுறை குத்திப் பார்த்தார்.

"பதினொன்னரை," என்றார்.

"எறங்கலியா?"

"ஏறியிருக்கு." சலோமே சுவரிலிருந்த தாளைப் பார்த்தார், பெனினாவைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "நீ கொஞ்சமா நடந்திருந்தா, இன்னும் நடன்னு சொல்லியிருப்பேன். இவ்வளவு நடந்தும் எறங்கலன்னா அப்புறம் நடைய நம்பிப் பிரயோசனமில்ல. ஒடம்பு மாத்திரைக்கும் மசியல. டாக்டருக்குக் கடுதாசி எழுதி வைக்கிறேன். அடுத்த செவ்வாய் வா, வாங்கிட்டுப் போ. ஊசி ஆரம்பிச்சிடலாம்."

"குழந்தைகள் ஞாயிறு வரைக்கும்னு சொன்னீங்களே?"

"அது நடந்து பாக்கறதுக்குக் குடுத்த டைம். நீதான் நடந்து முடிச்சிட்டியே!"

பெனினா விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீடு திரும்பும்போது பட்டையைப் பார்த்தாள். காலை எட்டு மணிக்குள்ளாகவே அது எண்ணூறு அடி என்றது.

அந்த வாரம் முழுவதும் அவள் கால்களைப் பார்த்தபடியே இருந்தாள். சனிக்கிழமை ருதாவிடம் தலிதாவைப் பற்றிச் சொன்னாள். ருதா வழக்கத்துக்கு மாறாக வேடிக்கை பேசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"அண்ணி, கோபிக்காதீங்க. ஞாயித்துக்கிழம நீங்க எங்க போறீங்க?"

"எங்க போவேன்? சர்ச்சுக்கு."

"சர்ச்சு நம்ம வீட்டுக்கு எதிர்ல இருக்கு. போயிட்டு வந்து சாப்புடறோம். சாப்புட்டுத் தூங்கறோம். எந்திரிச்சு மறுபடியும் சர்ச்சு. இதுல பதினோராயிரம் அடி எப்ப நடந்தீங்க? தூக்கத்துலயா?"

பெனினா பேருந்தின் குலுக்கலாக இருக்குமோ என்றாள். ஞாயிற்றுக்கிழமை பேருந்தே ஓடாதே என்றாள் ருதா.

மறுநாள் வெள்ளாடை உடுத்து, வெள்ளைத் தொப்பியணிந்து, பாடகர் வரிசையில் பெனினா அமர்ந்தபோது பட்டை அறுநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அதுவே அவளுக்கு மிகுதியாகத் தோன்றியது. வீட்டுப் படியிலிருந்து ஆலயத்துப் படிவரை நாற்பத்திரண்டு அடி. சற்றுமுன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்திருந்தாள். சமையற்கட்டில் அங்குமிங்கும் நடந்ததைச் சேர்த்தாலும் இருநூறு தேறாது.

போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். காற்று அசையவில்லை. பிரசங்கத்தின் முதற்பகுதி முடிந்தபோது அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். ஆயிரத்து எழுநூறு. அமர்ந்த இடத்திலிருந்து அவள் எழவே இல்லை. எண்ணைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க அது ஆயிரத்து எழுநூற்றொன்று ஆயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. அப்போதுதான் அவள் பார்வை பட்டையைவிட்டுக் கைக்குச் சென்றது. கையில் விசிறி இருந்தது.

விசிறியை நிறுத்தினாள். எண் நின்றது. விசிறினாள். எண் ஏறியது. மெல்ல விசிறினால் மெல்ல ஏறியது. வேகமாக விசிறினால் ஓடியது. சுற்றிலும் பார்த்தாள். ஆலயத்தில் இருநூறு விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. இருநூறு பேரும் அமர்ந்தபடியே எங்கேயோ விரைந்து போய்க்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அஞ்சலகத்து மின்விசிறி ஈஸ்டரிலிருந்து ஓடவில்லை. வலக்கை முத்திரை குத்தும்போது இடக்கை விசிறிக்கொண்டிருந்தது. மாமனார் உண்டு முடிக்கும்வரை அருகிலமர்ந்து ஈயோட்டுவது அவள் பொறுப்பு. அதுவும் இடக்கைதான், வலக்கை பரிமாறவேண்டுமே. விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் விசிறினாள். எழுதாத கையை வேலை செய்யாத கை என்று அவள் பெயர்த்துவிட்டாள். அவளுடைய இடக்கை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

ஆலயத்தைவிட்டு வெளியே வந்ததும் ருதாவைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று விசிறிக் காட்டினாள். ருதா எண்ணைப் பார்த்தாள். முதலில் ஓசையின்றி, பிறகு ஓசையோடு, பிறகு தரையில் அமர்ந்து சிரித்தாள்.

"அப்ப நடந்தது நீங்க இல்ல, உங்க விசிறி! ஆறு வாரத்துல இந்தத் தீவையே ரெண்டு சுத்து சுத்தியிருக்கும்!"

"சிரிக்காத. நான் செவ்வாக்கெழம என்ன சொல்றது?"

"உள்ளத சொல்லுங்க."

"அத்தன பேர் முன்னாலயா? போதகரம்மா என்ன வச்சு மத்தவங்களத் திட்டியிருக்காங்க ருதா."

ருதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லாட்டி ஊசி. சொன்னா சிரிப்பு. சிரிப்பு குத்தாது அண்ணி."

சொல்வதற்கு முன்னால் உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று பெனினா நினைத்தாள். திங்கட்கிழமை காலையில் பட்டையை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துக் கணுக்காலில் கட்டினாள். கால் விசிறாதல்லவா? பேருந்து நிற்குமிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. எதிரே வந்த மீன்காரர் ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் காலைப் பார்த்தார்.

"பெனினா, யார் வீட்டுக் கட்டுத்தறியிலேருந்து அறுத்துக்கிட்டு வர? எங்க வீட்டுப் பன்னிக்கும் இதே கால்லதான் கயிறு."

பேருந்தில் இன்னும் இருவர் அதையே சொன்னார்கள். ஒருவர் உறுமியும் காட்டினார். ஆப்பியாவில் இறங்கியதும் பெனினா நேரே மருந்துக் கடைக்குப் போனாள்.

"அந்தப் பொத்தான் இருக்கா?"

லெபேகா அவள் காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பொத்தானை எடுத்துக் கொடுத்தாள். பெனினா அங்கேயே நின்று அதை லாவலாவா முடிச்சில் செருகிக்கொண்டாள்.

அன்று அஞ்சலகத்தில் வழக்கம்போல் விசிறினாள், வழக்கம்போல் முத்திரை குத்தினாள், வழக்கம்போல் மூட்டை அறைக்குப் போய்வந்தாள். மாலையில் தேவாலயத்து வேலிவரை உலாவிவிட்டு வீட்டுப் படியில் அமர்ந்து பொத்தானை எடுத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து முப்பது. பொத்தான் நின்றுபோய்விட்டதோ என்று எழுந்து பத்து அடி நடந்தாள். இரண்டாயிரத்து நாற்பது.

செவ்வாய்க்கிழமை சங்கக் கட்டடத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தனர். மேசைமீது, மருத்துவர் பெயரெழுதிய உறை தயாராக இருந்தது. சலோமே அதை நீட்டினார். பெனினா வாங்கிக்கொள்ளவில்லை.

"நர்ஸம்மா, அந்தத் தாள்ல இருக்கற நம்பர் எல்லாம் பொய்."

பாயில் அமர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தனர்.

"நீ பொய் எழுதினியா?" என்றார் சலோமே.

"நான் எழுதினது அது காட்டினதத்தான். ஆனா அது எண்ணினது என் நடைய இல்ல." அவள் பட்டையை மணிக்கட்டில் கட்டி, விசிறியை எடுத்து, சலோமேயின் முகத்துக்கு நேரே விசிறினாள். எண் ஏறுவதைச் சலோமே பார்த்தார். அவருடைய உதடு துடித்தது. அவர் செவிலி, ஊர்ப் பெண்கள் முன்னே சிரிக்கக்கூடாது என்று அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

பிறகு பட்டை ஒவ்வொரு கையாகச் சென்றது. ஒருத்தி விசிறிப் பார்த்தாள். ஒருத்தி தேங்காய் துருவுவதுபோல் கையை ஆட்டினாள், அதற்கும் ஏறியது. ஒருத்தி பிள்ளையின் முதுகைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் செய்தாள்; அதற்கும் சிறிது ஏறியது. "அப்ப நாங்கள்லாம் உக்காந்த எடத்துலயே பத்தாயிரம் நடக்கறோம். எங்களையா வெக்கமில்லன்னு சொன்னீங்க?" என்று பின்வரிசைக்காரி போதகரம்மாவைக் கேட்டாள்.

போதகரம்மா சிரிக்காமல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமதான் அதிகம்னு எழுதியிருக்கு. பிரசங்க நேரத்துலயா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு வரும்?"

"மூவாயிரத்துக்குக் கொறையாது."

"அவர்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன், சுருக்கமா முடிங்கன்னு," என்றார் போதகரம்மா. அதன்பின் கட்டடத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆரவாரம் அடங்கியதும் பெனினா பொத்தானை எடுத்து மேசைமீது வைத்தாள். "இது நேத்து இடுப்புல இருந்தது. ரெண்டாயிரத்து நாப்பது. என் நெஜமான நடை இவ்வளவுதான். ஒம்பதாயிரம் நடந்துட்டேன்னு நெனச்சு நான் தின்னதும் அதிகம். அதனாலதான் ஏறியிருக்கும். நடந்து பாக்கறதுக்குக் குடுத்த டைமுல நான் இன்னும் நடக்கவே இல்ல. மிச்சம் ஆறு வாரம் இருக்கு. அதக் குடுங்க."

சலோமே உறையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஊசின்னா ஏன் இவ்வளவு பயம் ஒனக்கு?"

பெனினா சொல்லத் தயங்கினாள். ருதா சொல்லிவிட்டாள். "தலிதா அக்கா கால் போச்சுல்ல, அதான்."

"தலிதாவுக்கு ஊசியால கால் போகல," என்றார் சலோமே. அவர் குரலில் இப்போது சிரிப்பில்லை. "வாரத்துல பாதி நாள் அவ ஊசியே போட்டுக்கல. கால்ல வந்த புண்ண எலைய வச்சுக் கட்டி என்கிட்ட மறைச்சா. நாத்தம் வந்தப்புறந்தான் நான் பாத்தேன். ஊசி ஒழுங்கா போட்டிருந்தா இன்னிக்கு அவளும் உன்கூட நடந்திருப்பா. வேணும்னா ஊசிய வெறுத்துக்க, ஆனா பயப்படாத."

பெனினா இதை எதிர்பார்க்கவில்லை. ஆறு ஆண்டுகளாக மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றவற்றுள் ஒன்று இடம் மாறிப்போயிற்று. எனினும் நடக்கவேண்டும் என்ற எண்ணம் அவளுக்குக் குறையவில்லை.

சலோமே உறையைக் கிழிக்கவில்லை. பதிவேட்டின் அட்டைக்கும் முதல் ஏட்டுக்கும் இடையே செருகினார். "ஆறு வாரம் இங்கயே இருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் விரல நீட்டணும். பதிமூணத் தொட்டா அன்னிக்கே இத எடுத்துக் குடுத்துடுவேன். மறு பேச்சு கெடையாது. சரியா?"

"சரி."

அன்று மாலை ஐந்து மணிக்கு நடை தொடங்கியது. கடலோரச் சாலையில் அடுத்த ஊர் எல்லைக் கல்வரை போய்த் திரும்பவேண்டும். சங்கு ஊதுவதற்குமுன் வீட்டுக்குள் இருக்கவேண்டும். ருதாவும் கூட வந்தாள். நடப்பதற்காக அல்ல, பேசுவதற்காக வருகிறேன் என்றாள். பேசுவதற்கும் அதே அளவு நடக்கவேண்டியிருந்தது. வழியில் நாய்கள் இருந்தன. பெனினா கையில் இரண்டு கல் வைத்துக்கொண்டாள். ரொட்டி சுடுமிடத்து மஞ்சள் நாய் துரத்திய நாளில் பொத்தான் முந்நூறு அடி கூடுதலாகக் காட்டியது. அந்த நாய்க்குச் சங்கத்தில் உறுப்பினர் பதவி கொடுக்கவேண்டும் என்றாள் ருதா.

முதல் வாரம் நாலாயிரத்தைத் தொடுவதற்குள் குதிகால் வலித்தது. பொத்தான் முரலவில்லை, பாராட்டவில்லை, வெளியில் தெரியவும் இல்லை. சுவரிலிருந்த தாளில் பழைய எண்களைப் பெனினாவே கோடிட்டு அடித்து, கீழே புதிய எண்களை எழுதினாள். மூவாயிரத்து எண்ணூறு, நாலாயிரத்து நூறு, மழையாதலால் ஆயிரத்து ஐந்நூறு. அடுத்த மழை நாளில் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தட்டில் கிழங்கு மறுபடியும் ஒரு துண்டாயிற்று. தவிதா பழைய பழக்கத்தில் தட்டை நகர்த்தியபோது, அவள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அது வெறுமையாக இருந்தது. அவன் புரிந்துகொண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இரண்டு வாரத்தில் விரல் பத்தரை என்றது. நான்காம் வாரம் ஒன்பதரை. சலோமே எண்ணைச் சொல்வாரே தவிர, நன்றென்றோ தீதென்றோ சொல்லமாட்டார். ஐந்தாம் வாரத்தில் பொத்தான் ஏழாயிரத்தைத் தாண்டியது. அன்று எல்லைக் கல்லைத் தாண்டி அடுத்த ஊர்க் கடைவரை போயிருந்தார்கள். சங்குக்கு அஞ்சித் திரும்பி வந்தது பாதி ஓட்டம்.

குழந்தைகள் ஞாயிற்றுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பெனினா விரலை நீட்டினாள். இம்முறை அவள் அஞ்சினாள். சலோமே துளியை எடுத்துக் கருவியில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எட்டு புள்ளி ரெண்டு."

"ஏழுக்கு வரலியே?"

"வரல. ஆனா பதினொன்னரையிலேருந்து வந்திருக்கு." பதிவேட்டைத் திறந்து உறையை வெளியே எடுத்தார். ஒரு கணம் அதைக் கொடுத்துவிடுவாரோ என்று பெனினாவுக்குத் தோன்றியது. சலோமே இழுப்பறையைத் திறந்து, உறையை அடியில் வைத்து, மேலே பஞ்சுச் சுருளை வைத்து மூடினார். "இப்ப ஊசி வேண்டாம். மாத்திரை தொடரட்டும். மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம். என்னிக்காவது ஊசி வேணும்னு நான் சொன்னா அன்னிக்குத் தகராறு பண்ணக் கூடாது."

"பண்ணமாட்டேன்."

அதன்பின் சங்கம் கருவியைப் பற்றிப் பேச அமர்ந்தது. பெனினா எழுந்து, பொத்தானையே வாங்கவேண்டும் என்றாள். அழகில்லை என்றனர் நால்வர். துணியோடு சேர்த்துத் துவைத்துவிடுவோம் என்றாள் ஒருத்தி. லாவலாவாவின் ஓரத்தில் ஒரு சிறு பை தைத்துக்கொள்ளலாம், அது நாற்பது பேருக்கு ஒருநாள் வேலை என்றாள் ருதா. சிவப்புப் பட்டையில் உட்கார்ந்தபடியே நடக்கலாமே, அந்த வசதி பொத்தானில் உண்டா என்று பின்வரிசைக்காரி கேட்டாள். இல்லை என்றாள் பெனினா. கைகளை உயர்த்தச் சொன்னபோது முப்பத்தாறு கைகள் பொத்தானுக்கு உயர்ந்தன.

சிவப்புப் பட்டையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் ஞாயிறன்று பெனினா பாடகர் வரிசையில் அமர்ந்தபோது அருகில் ருதாவின் விசிறியைப் பார்த்தாள். அதன் காம்பில் பட்டை கட்டப்பட்டிருந்தது.

"என்ன இது?" என்று முணுமுணுத்தாள்.

"போதகரம்மாதான் கட்டச் சொன்னாங்க. வாராவாரம் எவ்வளவுன்னு அவங்ககிட்ட சொல்லணுமாம். போன வாரம் அவங்களே கட்டிப் பாத்தாங்களாம், மூவாயிரத்து நூறு."

வெள்ளாடைக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து வசனம் ஒப்புவித்தனர். போதகர் எழுந்தார், முன்வரிசையிலிருந்த தம் மனைவியை ஒருமுறை பார்த்தார், பேசி அமர்ந்தார். ருதா காம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆயிரத்து எண்ணூறு," என்றாள் பெனினாவின் காதில். முன்னாலிருந்த போதகரம்மா திரும்பாமலே தலையசைத்தார்.

ஆலயத்தைவிட்டு எல்லாரும் உணவுக்காக வீடுகளுக்கு விரைந்தனர். அன்று குழந்தைகளுக்கு முதலிற் பரிமாறவேண்டும். பெனினாவின் வீடு எதிரே இருந்தது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள். படியில் நின்று முடிச்சிலிருந்து பொத்தானை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு கூடியிருந்தது. அதைத் திரும்பச் செருகிக்கொண்டு, விசிறியை இடக்கைக்கு மாற்றி, பரிமாறப் போனாள்.